கட்டை விரலில் ஒட்டும் துரு

துருவைப் பார்க்க அவர் முதலில் நீட்டுவது கட்டை விரலைத்தான். லாரிக்கு அடியில் படுத்து, பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் வெல்டிங் ஓரத்தில் விரலை அழுத்தித் தேய்ப்பார். ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டு, அடியில் இரும்பு வழுவழுப்பாகத் தெரிந்தால் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நகத்தில் செதில் மாட்டினால் எழுந்து போய்ச் சின்னச் சுத்தியலை எடுத்து வருவார்.

கௌதள்ளியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக லாரிகளுக்கு அடியில் வேலை பார்த்துவரும் இந்த மேஸ்திரியிடம், சமீப காலமாகப் புது வண்டிக்காரர்கள்தான் அதிகம் பதறி வருகிறார்கள். சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதலாளியின் பேச்சு இப்படித்தான் தொடங்கியது: “மேஸ்திரி, வண்டி எடுத்து ஆறு மாசங்கூட ஆகலீங்க. குனிஞ்சு பாத்தா அடியெல்லாம் துருவுங்க.”

“எல்லா எடத்துலயும் இல்லீங்க. வாங்க, காட்டறேன்” என்று டார்ச்சோடு அவரையும் அடியில் இழுத்துக்கொண்டார் மேஸ்திரி.

சக்கரத்தின் ஹப், பிரேக் டிரம் இரண்டும் வார்ப்பிரும்பு. ஒரு மழைக்கே மேலே நிறம் ஏறிவிடும்; தடிமனான வார்ப்பு என்பதால் வண்டியின் ஆயுள் முழுக்க அப்படியே இருந்தாலும் கேடில்லை. போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உதிர்ந்திருந்தது, அதனால் துரு. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற ஓரத்தில் துரு. இதையெல்லாம் விரலால் தேய்த்துக் காட்டிவிட்டுக் கடந்தார். அவர் நின்ற இடங்கள் வேறு. பாடி கட்டும்போது சேசிஸில் போட்ட துளைகளின் விளிம்பு, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே வைத்த மரக்கட்டையின் அடி, சேறு போய் அடைந்துகொண்ட பிராக்கெட் மூலை. முதலாளி பார்த்துப் பயந்த துரு எல்லாம் வெளியில் தெரிவது. மேஸ்திரி தேடியது கண்ணுக்குப் படாத இடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்திருப்பது. அவர் தொழிலில் முக்கால் பங்கு இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான்.

ஊரின் இருப்பிடம் அவருக்கு ஒரு பள்ளிக்கூடமாக அமைந்தது. மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு, மலை மாதேஸ்வரன் மலை, கௌதள்ளி, ஹனூர், கொள்ளேகால் என்று மைசூர் நோக்கிப் போகிறது பாதை. கொள்ளேகால் வட்டாரம் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் மைசூர் ஜில்லாதான். கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் புழங்கும் இந்த ஊருக்குக் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து பட்டறை எடுபிடியாக வந்த சிறுவன்தான் பின்னாளில் மேஸ்திரி ஆனார்.

அப்போது சந்தனக் கடத்தல் வீரப்பன் இந்தக் காடுகளில் நடமாடிய காலம். பொழுது சாய்ந்தால் மலையேறத் தயங்கும் லாரிகள் ஊரிலேயே விடியும்வரை நிற்கும். 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும்வரை இந்த நிலைமை ஏறத்தாழ மாறவில்லை. நிற்கிற வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்க்க இரவு முழுக்க நேரம் கிடைத்தது. கடலோர வண்டி எப்படித் துருப்பிடிக்கிறது, எரு ஏற்றிய வண்டி எப்படி, கல் ஏற்றிய வண்டி எப்படி என்று ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்த ஊர்ப் பையனுக்கும் எளிதில் வாய்த்திருக்காது.

அவருடைய குரு பட்டறை வைத்திருந்த ஒரு கிழவர். பாடம் என்று எதையும் சொல்லித் தரவில்லை. சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று வந்தால் பேசாமல் நகர்வார், சத்தம் அடைத்தால் அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். கோடு போட்ட இடத்தைச் சுரண்டிப் பார்ப்பது சிறுவனின் வேலை. பெரும்பாலும் அங்கே இரண்டு தகடுகள் சேர்ந்திருக்கும். நடுவில் ஏறிய ஈரம் துருவாகி, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், ரிவிட் அடித்த தகடுகளையே பிரித்துத் தள்ளியிருக்கும்.

அந்தக் காலத்துத் தடுப்பு மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கழிவு எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து அடி முழுக்க அடித்துவிடுவது. துரு ஓரளவு நிற்கவும் செய்தது. ஆனால் அந்த ஆயில் பட்ட ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போய்ச் சீக்கிரம் தளர்ந்தது. பிரேக் லைனிங்கில் ஒரு சொட்டுப் பட்டால் இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைக்குக் கீழே இருக்கும் ஊரில் அது விளையாட்டான விஷயமில்லை. போதாததற்கு எண்ணெய்ப் பசையில் தூசு அப்பி, ஒரு விரல் கனத்துக்குக் கரிய சாந்தாக நிற்கும். அந்தச் சாந்துக்குள் நுழைந்த தண்ணீர் வெளியே வராது. பட்டறை தன் கைக்கு வந்ததும் அவர் முதலில் நிறுத்தியது இந்த வேலையைத்தான். இன்று கழிவு ஆயில் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளில் அடங்குகிறது. மண்ணில் சிந்தவிடுவதே தவறு. இருந்தும் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

துருவை வளர்த்ததில் எஃப்சி பெயின்டுக்கும் பங்குண்டு என்பது அவர் உறுதியான கருத்து. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் முன் அடியில் கறுப்புப் பெயின்ட் அடிப்பது லாரித் தொழிலில் ஊறிய வழக்கம். முன்பு முதல் இரண்டு ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும் எஃப்சி. நாளைக் காலையில் காட்ட வேண்டும் என்று இன்று மாலை வருவார்கள். கழுவ நேரமில்லை, காய விட நேரமில்லை. சேற்றின் மேலேயே கறுப்பு ஏறும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடுத்த மழையில் பெயின்ட் சேற்றோடு கழன்று விழும். 2018 நவம்பரில் விதி மாறி, எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் என்றானது. அவசரப் பெயின்ட் குறைந்தது நல்லது. ஆனால் அந்தச் சாக்கில் வருடத்துக்கு ஒருமுறையாவது வண்டிக்கு அடியில் யாரோ ஒருவர் தலையை நுழைத்துக்கொண்டிருந்தாரே, அதுவும் பல முதலாளிகளிடம் நின்றுபோனது.

எஃப்சி என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் வைக்க அவர் எந்தப் பையனையும் விடுவதில்லை. அந்த எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து எடுத்து அலுவலகத்தில் ஒப்பிடுவார்கள். துருவில் எழுத்து மங்கினாலும் தொல்லை, துருவை எடுக்கிறேன் என்று எழுத்தையே தேய்த்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மெலிதாகக் கிரீஸ் தடவிவிடுவதோடு சரி. புது வண்டி வந்தால் முதலில் அந்த இடத்துக்குக் கிரீஸ் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

சரக்கு விஷயத்துக்கு வருவோம். ஒரே மாடல், ஒரே ஆண்டு வாங்கிய இரண்டு வண்டிகள் மூன்றாம் ஆண்டில் இரண்டு விதமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஏற்றும் சரக்குதான் துருவின் வேகத்தை எழுதுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தூத்துக்குடி உப்பு, கடல் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் இரண்டும் யாருக்கும் தெரிந்த எதிரிகள். பலர் கணக்கில் வைக்காதது பொட்டாஷ் உரம். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பின் நெருங்கிய உறவு. மூட்டை கிழிந்து சிந்திய தூள் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸின் உள் மடிப்பில் வரிசையாகப் படியும். வெயில் நாளில் அது சும்மா கிடக்கும். பனி இறங்கும் விடியற்காலையில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் கோழி எருவும் அப்படித்தான். மஞ்சள், இஞ்சித் தோட்டங்களுக்கு எரு கொண்டுவந்த ஒரு புது டிப்பர், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கிராஸ் மெம்பர் மூலைகளில் பொருக்கு தட்டி நின்றது. முதலாளி கம்பெனி இரும்பைக் குறை சொன்னார். மேஸ்திரி பிராக்கெட் மூலையிலிருந்து கைப்பிடி எருவைத் தோண்டியெடுத்து அவர் முன்னால் வைத்தார். மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்த எரு. அமோனியா நெடி கண்ணைக் கரித்தது. அந்த மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் புதுசாகவே இருந்தது.

“லோடு எறக்கின அன்னைக்கே தண்ணி அடிச்சிருங்க. நாளைக்கின்னா அது எனக்கு வேலைங்க” என்பது அவர் எல்லா ஓட்டுநர்களிடமும் சொல்வது. நல்ல தண்ணீர் போதும், சோப்புகூட வேண்டாம். வெளிப்பக்கம் பளபளக்கக் கழுவுவதில் பயனில்லை. சேசிஸின் உள்மடிப்பு, ஸ்பிரிங் ஹேங்கர் பின்பக்கம், மட்கார்டு மடிப்பு, டீசல் டேங்க் பட்டையின் அடி ஆகிய நான்கு இடங்களில் பைப்பை நிறுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும்வரை வேலை முடியவில்லை என்று பொருள்.

பிஎஸ் 6 புகை விதி 2020 ஏப்ரலில் கட்டாயமான பிறகு புதிதாக ஒரு நோய் சேர்ந்திருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள், நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்தமான நீர். நிரப்பும்போது வழிந்தாலோ குழாய் இணைப்பில் கசிந்தாலோ அது காய்ந்து வெள்ளைப் படிகமாக நிற்கும். ஓட்டுநர்கள் சுண்ணாம்புத் தூசு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கரைசல் இரும்பையும் செம்பையும் அரிக்கக்கூடியது. யூரியா டேங்க்குக்குக் கீழே மட்டும் பெயின்ட் கொப்பளித்த புது வண்டிகள் பட்டறைக்கு வருகின்றன. ஒயரிங் சாக்கெட்டுக்குள் அந்த நீர் ஏறினால் துருவைவிடப் பெரிய செலவு. ஈரத்துணியால் அன்றாடம் துடைத்தால் தீர்கிற காரியம் இது.

கறுப்பு ரப்பர் கோட்டிங்கைப் பற்றிக் கேட்டால் அவர் குரல் உயரும். நகரத்துக் கடை ஒன்றில் புது வண்டிக்கு அடி முழுக்கத் தாராளமாக அடித்துக்கொண்டு வந்தார் ஒருவர். முதல் ஆண்டு பார்ப்பதற்கு அருமையாக இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஒரு இடத்தில் உப்பியிருக்கிறதே என்று மேஸ்திரி கத்தி நுனியால் குத்தினார். தோல் உரிவதுபோல் முழம் நீளத்துக்குக் கையோடு வந்தது. உள்ளே தண்ணீர், அதன் கீழே பொருக்குத் துரு. கழுவிச் சரியாகக் காயவிடாமல் அடித்ததன் விளைவு. கோட்டிங் வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே அகப்பட்ட தண்ணீரை வெளியேயும் விடாது. சுத்தமான, காய்ந்த, பிரைமர் அடித்த இரும்பின் மேல் அதே கோட்டிங் நன்றாகவே உழைக்கும். குற்றம் பொருளில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது.

அவர் செய்கிற முறைக்கு இரண்டு நாள் வேண்டும். அதற்குக் குறைந்தால் வேலையை எடுப்பதில்லை. முதல் நாள் வாட்டர் சர்வீஸ். பிறகு காற்றுக் குழாயால் மடிப்புகளில் ஊதி, வெயிலில் நிறுத்தம். மழைக்கால மூடலில் என்றால் மூன்றாம் நாளும் ஆகும். காற்றில் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும் என்பதை அவர் எந்தக் கருவியும் இல்லாமலே கழுவிய இரும்பின் நிறத்தில் கண்டுகொள்கிறார். இரண்டாம் நாள் கம்பி பிரஷ். பொடித் துருவுக்குக் கை பிரஷும் உப்புத்தாளும் போதும். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டுவது பொருக்கு கண்ட இடத்துக்கு மட்டும். தேவையில்லாத இடத்தில் ஓட்டினால் கம்பெனிப் பெயின்டும் சேர்ந்து போய்விடும். புது வண்டியில் அந்தக் கம்பெனிப் பெயின்ட்தான் பெரிய சொத்து. சேசிஸை மின்சாரத் தொட்டியில் முக்கியெடுத்துப் பூசும் முறை வந்த பிறகு, பட்டறையில் பிரஷ்ஷால் அடிக்கும் எதுவும் அதற்கு ஈடாகாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நல்ல பெயின்டின் ஓரத்தை உப்புத்தாளால் சரிவாக இழைத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அதன் பிறகுதான் மருந்து.

மருந்து என்பது பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி. மெல்லிய துருவை இரும்பு பாஸ்பேட் ஆக மாற்றி இறுக்கிவிடும். டெல்லி இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பதற்குக் காரணம் அந்த இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் உண்டாக்கிய பாதுகாப்புப் படலம்தான் என்று கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். கடைகளில் இன்னொரு வகைத் துருமாற்றியும் உண்டு. அதில் இருப்பது டானின். துருவோடு சேர்ந்து கருநீலமாகும். அந்நாளில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்களே, அதே வினை. எந்த மருந்தும் பொருக்கின் மேல் வேலை செய்யாது. மேல் செதில் மாறும், அடியில் உள்ளது அப்படியே கிடக்கும். அதிகமாக ஊற்றி விட்டுவிட்டாலும் கெடுதல். மிச்ச அமிலம் பெயின்டைப் பிடிக்கவிடாது.

பிறகு பிரைமர். ரெட் ஆக்ஸைடு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் சிவப்பு நிறமே இரும்பு ஆக்ஸைடுதான். போர்வையாக மூடுமே தவிர, துருவைத் தானாகத் தடுக்கும் குணம் அதற்கில்லை. முன்பு புழங்கிய ஜிங்க் குரோமேட் நன்றாகத் தடுத்தது, ஆனால் நஞ்சு. இப்போது ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்ஸி பிரைமரைத்தான் அவர் கேட்டு வாங்குகிறார். அதன் மேல் கறுப்புப் பெயின்ட். மடிப்புகளுக்குள் மட்டும் மெழுகு வகைக் கோட்டிங். அது இறுகிப் பொருக்காகாமல் இளக்கமாக இருப்பதால் பிளவு விடாது. டிரம்மின் உட்பக்கம், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், ஏபிஎஸ் சென்சார் ஒயர், பிரேக் சேம்பரின் துளை, சைலன்சர் ஆகியவற்றுக்குத் துணி சுற்றிவிட்டுத்தான் பெயின்ட் துப்பாக்கியைக் கையில் எடுப்பார்.

ஸ்பிரிங் பட்டையில் மட்டும் பொடித் துருவுக்கு மேல் எதுவும் அனுமதியில்லை. குழி விழுந்த பட்டையில் விரிசல் அந்தக் குழியிலிருந்துதான் தொடங்கும். பட்டை ஒடிவது எப்போதும் லோடோடு மேடேறும்போதுதான் நடக்கும். பிரேக்கின் காற்று டேங்க்கோ உள்ளிருந்து துருப்பிடிப்பது. தினமும் அடிவால்வைத் திறந்து தண்ணீர் வடித்தால் போதும்.

காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தியாவுக்கென்றே அரிமான வரைபடம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி வைத்து எவ்வளவு கரைகிறது என்று அளந்தவர்கள் அவர்கள். கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதில் துலங்குகிறது. கௌதள்ளி போன்ற மழை மறைவு ஊர், வரைபடப்படி இரும்புக்குச் சுகமான இடம்தான். ஆனால் லாரி ஓர் ஊரில் நிற்பதில்லை. தூத்துக்குடியின் உப்பையும் நாமக்கல்லின் எருவையும் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துசேர்கிறது. பனிக்கு உப்புத் தூவும் அமெரிக்கச் சாலைகளில் இதன் கொடூரமான வடிவத்தைக் காணலாம். சேசிஸ் துருப்பிடித்த வழக்கில் டொயோட்டா நிறுவனம் 2016-இல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர்வரை போகக்கூடிய உடன்பாட்டுக்கு வந்தது.

நம்மூரில் புது வண்டியின் துருவுக்கு நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அது சேசிஸில் பாடி ஏறும் நாளிலேயே தீர்மானமாகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று எங்கே கட்டினாலும் துளை போட்டால் விளிம்பில் பச்சை இரும்பு தெரியும். வெல்டிங் பொறி பட்ட இடத்தில் பெயின்ட் கருகும். கட்டையை வைத்து யூ போல்ட் இறுக்கிவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பரப்பை யாரும் பார்க்க முடியாது. மேஸ்திரி கேட்பது இவ்வளவுதான்: வண்டியைப் பாடி கட்ட விட்டிருப்பவர்கள், கட்டை ஏறுவதற்கு முந்தின நாள் நேரில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு துளைக்கும் பிரைமர் தொட்டுவைக்கச் சொல்லுங்கள், கட்டையின் அடியில் பெயின்ட் காய்ந்த பிறகு உட்காரவையுங்கள். அன்றைக்கு அது அரை மணி நேர வேலை. மூன்று வருடம் கழித்து அதே இடத்தைத் தொட வேண்டுமென்றால் பாடியையே தூக்க வேண்டும்.